நண்டு வலையில் சிக்கிய கார்

சனிக்கிழமை காலை ஐந்தே காலுக்கு ஊத்துக்கோட்டையிலிருந்து கிளம்பினோம். என் எலக்ட்ரிக் காரில் நான்கு பெண்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். காலையில் அவர்களைக் கொண்டுபோய் விட்டு, இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் திரும்ப அழைத்து வருவதுதான் என் பிழைப்பு. பெரியபாளையம், புதுவாயல் வழியாக என் மீட்டரில் நாற்பத்தொரு கிலோமீட்டர்.

திங்கட்கிழமை முதல் வண்டிக்கு ஒரு நோய். மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. லாரியை முந்தலாம் என்று ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்பக்கம் முழுக்கக் குலுங்கும். சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். பேட்டரியாக இருக்கலாம், பத்து நாள் கழித்துக் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

அன்றும் பெரியபாளையம் தாண்டி ஒரு செங்கல் லாரியை முந்தும்போது குலுங்கியது. என் பக்கத்து சீட்டில் இருந்த லூர்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஏழாவது மாதம்.

பின்னால் இருந்த சாந்தி, "ண்ணா, தப்பா நெனச்சுக்காத. இவ ஊட்டுக்காரரு தெனம் என்னைத்தான் திட்றாரு. திங்கட்கெழமையும் இப்டியே ஆடுச்சின்னா நாங்க நாலு பேரும் பஸ்ஸுல போய்க்கிறோம்" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது.

"பாரு, வண்டியோட சேர்ந்து அண்ணனும் ஆடுது" என்றாள் இன்னொருத்தி. லூர்துகூடச் சிரித்தாள்.

ஆறரைக்கு அவர்களை இறக்கிவிட்டுப் பத்து கிலோமீட்டர் திரும்பி, ஹைவேயில் புதுவாயல் கூட்டு ரோட்டுக்கு வந்தேன். நாஷ்டா நான்கு இட்லி, ஒரு வடை, நாற்பத்தைந்து ரூபாய். வண்டி ஏன் குலுங்குகிறது என்று ஓட்டலில் கேட்டதற்கு ஒருவர் மோட்டார் என்றார், ஒருவர் பேட்டரி என்றார், மூன்றாமவர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார்.

எட்டு மணிக்கு, பக்கத்தில் வீல் அலைன்மென்ட் கடையைத் திறந்தார்கள். கடைக்காரர் ஒரு பெண்மணி, பெயர் கலா. என் வயதுதான் இருக்கும். பேண்ட், சட்டை, காலில் கனத்த ஷூ. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெளியே நின்றேன்.

"இன்னா நைனா, அப்பத்துலேர்ந்து போர்டையே படிச்சிக்கினு கீற? பரிட்சைக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். சாவியைத் தராதே, நீயே ஓட்டு என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஹைவேயில் மிதித்தேன். குலுங்கியது.

"காலை எடு. இப்போ?"

"நின்னுட்ச்சி."

"மறுபடி மிதி."

மறுபடி குலுங்கியது.

"அப்போ சக்கரம் இல்ல. சக்கரத்துல கோளாறுன்னா காலை எடுத்தாலும் ஆடும். பேட்டரியும் இல்ல. பேட்டரி படுத்தா வண்டி இழுக்காது, டான்ஸ் ஆடாது. மோட்டார்லேர்ந்து சக்கரத்துக்குப் போற தண்டு. அதான் பேஜாரு பண்ணுது. வா, தூக்கிப் பாக்கலாம்."

ஒன்பது மணிக்கு வண்டி மேலே ஏறியது. அடியில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர்கள் ஓடுகின்றன. அவற்றில் ஆளைக் கொல்லும் கரண்ட் உண்டு, அந்தப் பக்கமே நம் கை போகாது என்று சொல்லிவிட்டு, இடது தண்டின் மேல் டார்ச் அடித்தார். பிறகு நீளமாக ஒரு சிரிப்பு.

தண்டில், நூல்கண்டு மாதிரி, பச்சை நைலான் நூல் சுற்றிக் கிடந்தது. அது அறுத்ததில், மோட்டார் பக்கத்து ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் வெளியேறி, உள்ளே மணல்.

"இது நண்டு வலை. நான் பழவேற்காட்டுக்காரி, எனக்குத் தெரியாதா? இன்னா நைனா, வச்சிக்கினு கீறது காரா, படகா?"

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சவாரி பழவேற்காடு போயிருந்தேன். மீனவர் குப்பத்து ரோட்டில் வலையை விரித்திருந்தார்கள். அதன்மேல் ஓட்டினேன். எங்கள் பக்கம் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்புவார்கள். சக்கரம் ஏறினால்தான் பருப்பு உதிரும். ஒதுங்கிப் போனால் கோபித்துக்கொள்வார்கள். இங்கேயும் அப்படித்தானோ என்று நினைத்தேன், யாரையும் கேட்கக் கூச்சம்.

இதைச் சொன்னதும், கலா துடைத்துக்கொண்டிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "எங்க ஊர்ல ஒரு ஹாரன் அடிச்சா ஓடியாந்து வலையைத் தூக்கிப் புடிப்பாங்க, நீ அடியில பூந்து போயிருக்கலாம். வேற வண்டின்னா சத்தத்துக்கே வந்திருப்பாங்க. உன்னுது பூனையாட்டம் போயிருக்கு. யாரு வலையோ, பாவம். போய் ஒரு வார்த்த சொல்லிடு."

சொல்வேன் என்றேன். இந்த மாடலின் பெட்ரோல் காருக்கும் இதே தண்டுதானாம், அதனால் சாதாரண ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்குமாம். ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய் கொடுத்துக் கும்மிடிப்பூண்டி போய், புது ஜாயின்ட்டும் உறையும் வாங்கி வருவதற்குள் பதினொன்றரை. அவர் பழையதைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சுழலும் மூன்று உருளைகளும் வழவழவென்று இருக்க வேண்டுமாம். நகத்தால் தடவினேன், பள்ளம் தட்டுப்பட்டது. மிதிக்கும்போது அந்தப் பள்ளத்தில் ஏறி இறங்கித்தான் இத்தனை ஆட்டமும். புதியதைப் பூட்டிக் கிரீஸ் அடைத்து வண்டியை இறக்கும்போது ஒன்றே முக்கால்.

இரண்டே காலுக்குப் பெண்கள் ஏறினார்கள். நடந்ததைச் சொன்னேன். என்றைக்குமே இவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. உளுந்து என்றதும் சாந்திக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. எல்லாரும் உளுந்து வயல்களில் கூலிக்குப் போன வீட்டுப் பிள்ளைகள்தான்.

புதுவாயல் தாண்டி, பெரியபாளையம் ரோட்டில், ஒரு டிராக்டரை முந்த மிதித்தேன். பின்னால் மூவரும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அடுத்து ஒரு பஸ்ஸையும் முந்தினேன். ஒன்றும் இல்லை. பாராட்டு வரும் என்று லூர்துவைப் பார்த்தேன். கதவில் தலை சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஊத்துக்கோட்டையில் அவள் தெருமுனையில் நிறுத்தி, எழுப்பலாம் என்று கையை நீட்டினேன். சாந்தி பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள்.

"எழுப்பாதண்ணா. ஆத்துப் பாலம் வரைக்கும் ஒரு சுத்து போய்க்கினு வரலாம்" என்றாள் மெதுவாக. கொஞ்ச தூரம் போனதும், "திங்கட்கெழம அஞ்சே கால்தானே?" என்று கேட்டாள்.