பாட்டுக்கு முன்னால் வரும் பிட்டு

லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசிப்பது என்பது, பாட்டு ஆரம்பிக்கும் முன்பே மாட்டிக்கொள்கிற தொழில். பாடுகிறவர் சரணத்தில் ஒரு வரியை விழுங்கினாலும் கூட்டம் கண்டுகொள்ளாது. பாட்டின் தலையில் வரும் வயலினோ குழலோ கொஞ்சம் பிசகினால் போதும், பந்தியில் ரசத்துக்குக் காத்திருக்கிறவர்கூட நிமிர்ந்து மேடையைப் பார்ப்பார். அந்தத் தலைப்பகுதியையும் நடுவில் வரும் வாத்தியப் பகுதியையும் நாங்கள் 'பிட்டு' என்போம். என் வீடு நகரியில். சித்தூர், திருப்பதி, புத்தூர், குப்பம் என்று எங்கே கல்யாணம், காதுகுத்து என்றாலும் எங்கள் குழு வேனில் ஏறிவிடும். கீபோர்டையோ கிட்டாரையோ தோளில் மாட்டிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைகிற என் இனத்தவர்களே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும். நடக்காவிட்டால் இனிமேல் நடக்கும்.

பேர் தெரியாத பாட்டு

பிட்டினால் பிழைக்கிறவனுக்கு வருகிற முதல் சோதனை டெலிபோனில் வரும். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது சித்தூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். பேரனுக்குக் காதுகுத்தாம், ஒரு பாட்டு கண்டிப்பாக வேண்டுமாம். என்ன பாட்டு என்றால் தெரியாது. என்ன படம், யார் பாடினது, தமிழா தெலுங்கா, அதுவும் தெரியாது. ஆனால் ஆரம்பத்தில் வரும் பிட்டு மட்டும் தெரியும் என்று சொல்லி, 'டிடிங் டிடிங்' என்று போனிலேயே பாடிக் காட்டினார்.

வண்டிச் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது. இதுவா என்று ஒன்றை நான் திருப்பிப் பாடினேன். அது இல்லை என்றார். இன்னொன்றைக் கொஞ்சம் சத்தமாகப் பாடினேன். அதுவும் இல்லை. பக்கத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர் தன் பங்குக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைப் போனில் பாடியதும் அந்த அம்மா சந்தோஷத்தில் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். நான் ஒரு கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தபோது, ஏற வேண்டிய பஸ் எதிரே உறுமிக்கொண்டு நிற்பதைக் கவனிக்கவில்லை. படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: "பல்லவி வர்ற வரைக்கும் நிக்க முடியாது தம்பி. ஏறு, மிச்சத்த உள்ள வந்து பாடு."

வண்டிச் சுரம்

விஜயபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை குமரேசன் சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறவர். நிலக்கடலை மூட்டை, நெல் மூட்டை, வலி கண்ட கர்ப்பிணி, எல்லாரையும் புத்தூருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த வண்டிதான். அதன் ஹாரனில் ஒரு பிரபலமான பாட்டின் முதல் பிட்டு அடிக்கும். வண்டி ஊருக்குள் திரும்புவது அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எல்லாருக்கும் தெரியும். இதெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

குமரேசன் அதே பாட்டைக் கேட்டு அனுப்பினார். நானும் ஆசை ஆசையாக அந்தப் பிட்டை வாசித்தேன். ஒரு சுரம் பிசகவில்லை. கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. எங்கள் பாடகி சுகுணா அக்கா பல்லவியை எடுப்பதற்குள், மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடைக்கே ஏறி வந்து, இது அந்தப் பாட்டு இல்லை, சரியாக வாசி என்றார். இன்னும் சுத்தமாக வாசித்தேன். இப்போது பின்வரிசையிலிருந்தும் இல்லை இல்லை என்று குரல் வந்தது. மூன்றாம் தடவை வாசிக்கப் போனபோது மாமன் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு யாரையோ பார்த்துத் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்த வண்டியே மேடை ஓரத்துக்கு வந்து நின்று ஹாரன் அடித்தது.

அப்போதுதான் புரிந்தது. ஹாரன் பழசாகி, கடைசிச் சுரம் மட்டும் அரை சுரம் கீழே தொய்ந்து விழுந்தது. ஊர் அதைக் கேட்டே பழகியிருக்கிறது. நான் கீபோர்டில் சுரத்தை வளைக்கிற சக்கரத்தைத் திருப்பி, கடைசிச் சுரத்தை அதே மாதிரி தொய்ய விட்டேன். விசில் பறந்தது. அந்தத் தொய்ந்த சுரத்திலிருந்து பல்லவியைப் பிடிப்பதற்குள் சுகுணா அக்காவுக்குத்தான் நாக்கு வறண்டுவிட்டது. மாமன் என் தோளில் தட்டிவிட்டு இறங்கினார். இறங்கும்போது சொன்னார்: "இப்பதான் வண்டி ஊருக்குள்ள வந்த மாதிரி கீது. மொதல்ல வாசிச்சது எந்த ஊர்ப் பாட்டோ, போ."

ஒரே பிட்டு, மூன்று பாட்டு

குப்பத்தில் கல்யாணம் என்றால் மூன்று மொழியிலும் நாலைந்து பாட்டு தயாராக இருக்க வேண்டும். ஒரு வரவேற்பில் பெண் வீட்டார் கன்னடம் பேசுகிறவர்கள், மாப்பிள்ளை வீட்டார் தெலுங்கு. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் முக்கால்வாசி தமிழ். பெண் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது வாசிக்க ஒரு பாட்டு முடிவாகியிருந்தது. மூன்று மொழியிலும் வந்து ஓடிய பாட்டுதான். மெட்டும் ஒன்று, முன்னால் வரும் வயலின் பிட்டும் ஒன்று. எந்த மொழியில் பாடுவது என்பதில்தான் வினை வந்தது. மாட்டலு, அதாவது பாட்டின் வார்த்தை, தெலுங்கில்தான் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா. பெண் எங்கள் பெண், வார்த்தை கன்னடத்தில்தான் வர வேண்டும் என்று பெண்ணின் சித்தப்பா. பேச்சு தடித்து, போன மாதம் நிச்சயத்தில் யார் யாரைக் கவனிக்கவில்லை என்பது வரைக்கும் போய்விட்டது. பெண் வாசலில் பூங்கொத்தோடு நின்றுகொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்தது மேடையிலிருந்தே தெரிந்தது.

எங்கள் குழுத் தலைவர் மஸ்தான் பாய், ரிதம் பேட் வாசிக்கிறவர். அவர் சுகுணா அக்காவின் மைக்கை அணைத்துவிட்டு, பிட்டை மட்டும் வாசி, முடிந்தால் திரும்பவும் வாசி, நான் சொல்லும் வரை நிறுத்தாதே என்று என்னிடம் சொன்னார். வாசித்தேன். முதல் சுற்றில் சண்டை கொஞ்சம் தணிந்தது. இரண்டாம் சுற்றில் பெண் நடக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் தமிழில் எடுத்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் கன்னடத்தில் எடுத்தது. அந்தச் சித்தப்பாவே கையைத் தட்டிக்கொண்டு பாடினார். பெண் சிரித்துக்கொண்டே மேடைக்கு வந்து சேர்ந்தாள். வந்துவிட்டாளே என்று நான் வேகத்தைக் குறைத்து முடிக்கப் போனேன். தெலுங்கில் பாதி பாடியிருந்த பெரியப்பா முன்னால் வந்து கையை ஆட்டினார்: "மாட்டலு யார்தா இருந்தா என்ன பாபு, அந்தப் பிட்ட மட்டும் நிறுத்தாத."

தேவராஜுக்குக் கிடைத்த ரசிகர்

எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பது தேவராஜ். பேஸ் வாசிக்கிறவனை யாரும் கவனிப்பதில்லை. அது அடியில் ஓடுகிற சத்தம், நின்றால்தான் தெரியும். தேவராஜின் அம்மாவே ஒரு தடவை கச்சேரி பார்த்துவிட்டு, நீ எப்போதடா வாசித்தாய் என்று கேட்டவர். பேஸ் தனியாக ஆரம்பிக்கிற பாட்டு எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது. பழைய பாட்டு. கேட்பாரில்லாமல் கிடந்தது.

நகரியில் ஏகாம்பரம் என்பவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தெருவிலேயே பந்தல். சிறுவயதிலிருந்து பவர்லூமில் நிற்கிறவர். தறிச் சத்தத்தில் காது ஏறக்குறைய போய்விட்டது. பேச வேண்டுமானால் முகத்துக்கு நேரே போய்க் கத்த வேண்டும். அவர் வந்து கேட்டது அந்தப் பேஸ் பாட்டைத்தான். காது கேட்காதவர் எதற்குப் பாட்டு கேட்கிறார் என்று எங்களுக்குள் ஒரு மாதிரி இருந்தது. தேவராஜ் ஆரம்பித்தான். ஏகாம்பரம் பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். முகம் மலர்ந்துவிட்டது. பிட்டு முடிந்து சுகுணா அக்கா பாடத் தொடங்கியதும், இவரும் காது நன்றாக இருந்த நாளில் கேட்டு வைத்திருந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் பாடினார். சுருதி எங்கேயோ இருந்தது, தாளம் மட்டும் தவறவில்லை. அவர் மகள் மாலையும் நகையுமாக எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். நைனா பாடி அவள் கேட்டதே இல்லையாம். பாட்டு முடிந்ததும் அவர் மேடைக்கு வந்து தேவராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். காது கேட்காதவர்களுக்கே உரிய சத்தத்தில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "மத்தவங்கல்லாம் வாய அசைச்சிக்கினு இருக்காங்க. நீ ஒருத்தன்தான்பா பாடற."

தாமோதரத்தின் முன்பல்

குழல் வாசிக்கும் தாமோதரம் அண்ணனுக்கு முன்பல் விழுந்தது. திருப்பதியில் புதுப்பல் கட்டிக்கொண்டார். பல் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் உதடு உட்காரும் இடம் ஒரு நெல் அளவு மாறிவிட்டது. குழலாளிக்கு அது போதும். ஊதினால் காற்று வந்தது, சுரம் வரவில்லை. நிலக்கடலைக் கொல்லையில் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து காலையும் மாலையும் ஊதிப் பார்த்தார். சில நாள் வரும், சில நாள் வராது. சோறு துன்னவே பிடிக்கலப்பா என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். மஸ்தான் பாய்க்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ என்று அவருக்குப் பயம்.

அந்த நேரம் பார்த்துத் திருப்பதியில் ஒரு வரவேற்பு வந்தது. பெண்ணின் அப்பா எங்களைத் தேடிப் பிடித்ததே ஒரு பாட்டின் குழல் பிட்டுக்காகத்தான். எங்கோ ஒரு கல்யாணத்தில் தாமோதரம் அண்ணன் அதை வாசிக்க, அவர் கேட்டிருக்கிறார். வேன் ரேணிகுண்டா தாண்டும்போது அண்ணன் என் காதோடு கேட்டார்: நான் குழலை உதட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், நீ கீபோர்டில் குழல் டோனை வாசித்துவிடு. எனக்குச் சங்கடம்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சரி என்றேன்.

பாட்டு வந்தது. நான் டோனை மாற்றிவிட்டு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பெண்ணின் அப்பா முன்வரிசையில் தன் நாற்காலியை இழுத்து, குழலுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் அதைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மைக்கிடம் போனார். முதலில் வெறும் காற்று. குழலைக் கொஞ்சம் கடைவாய்ப் பக்கம் தள்ளினார். ஒரு சுரம் வந்தது, நடுங்கி நடுங்கி நின்றது. மஸ்தான் பாய் என்ன புரிந்துகொண்டாரோ, தாளத்தை மெதுவாக்கினார். துள்ளி ஓடுகிற பிட்டு அன்றைக்கு நடந்து வந்தது. அவசரப்படுகிற சுகுணா அக்காகூட, அது வந்து சேரும்வரை அசையாமல் நின்றார்.

பாட்டு முடிந்ததும் அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சரியாக வரவில்லை, மன்னிச்சிக்கோங்க என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னார். அவர் எழுந்து வந்து அண்ணனின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்: "போன்ல கேட்டா கொழல் மட்டும்தாங்க கேக்குது. இன்னிக்கு நீங்க மூச்சு வாங்கறதும் கேட்டுச்சி. அதுக்குத்தான ஆள வரவெக்கறது."

தாமோதரம் அண்ணன் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். குழல் கொஞ்சம் கோணலாக இருக்கும், அவ்வளவுதான்.

முழங்காலில் வாசித்தவள்

பிட்டு ஓடும்போது பாடகி என்ன செய்வார் என்று யாரும் யோசிப்பதில்லை. பாட முடியாது, உட்கார முடியாது. சுகுணா அக்கா அந்த நேரத்தில் கூட்டத்தைப் படித்துவிடுவார். யார் யாரோடு பேசவில்லை, யார் புடவை புதுசு, எல்லாம் அவருக்குத் தெரியும். சத்தியவேடு பக்கம் ஒரு கல்யாணத்தில், நீளமான வயலின் பிட்டு ஒன்றை நான் கீபோர்டில் வாசித்துக்கொண்டிருந்தபோது, முன்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை அக்கா பார்த்திருக்கிறார். அந்தப் பெண் முழங்காலின் மேல் விரலை ஓட்டி, அதே பிட்டை என்னோடு கூடவே வாசித்துக்கொண்டிருந்தாளாம். பாட்டு முடிந்ததும் அக்கா என்னிடம் வந்து, சேகரு, உனக்குப் பெண் கிடைத்துவிட்டாள் என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அக்கா ஒரு வாரத்தில் அவர்கள் வீட்டு விலாசத்தோடு வந்து நின்றார்.

பெண் பார்க்கப் போனோம். பேர் கௌரி. வாத்தியம் எதுவும் கற்றவளில்லை. வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்குமாம், பிட்டெல்லாம் விரலில் ஏறிக்கொண்டதாம். பெரியவர்கள் எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அன்றைக்குக் கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தது என் தப்புதான். கௌரி தரையைப் பார்த்துக்கொண்டே, ஆனால் தெளிவாகச் சொன்னாள்: "நல்லாத்தான் இருந்துச்சி. ரெண்டாவது பிட்டுல ஒரு எடத்த முழுங்கிட்டீங்க. அது தெரியாத பொண்ணுதான் வேணும்னா வேற எடம் பாத்துக்கோங்க."

வேறு இடம் பார்க்கவில்லை. பாட்டில் வார்த்தை இல்லாத இடத்தையெல்லாம் நிரப்பிச் சம்பாதிக்கிற எனக்கு, வீட்டில் அந்த மாதிரி ஒரு இடம் இன்றுவரை கிடைக்கவேயில்லை.