பானைக்கு இட்ட குலவை

எங்கள் ஊராட்சி அலுவலக வாசலில் சமத்துவப் பொங்கல் வைத்தார்கள். எல்லா மதத்துப் பெண்களும் வர வேண்டும் என்றதால் நானும் போனேன். கூட்டம் என்றாலே எனக்குக் கூச்சம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன்.

பானைக்குப் பக்கத்தில் என் அடுத்த வீட்டுக்காரி நின்றாள். எங்கள் ஊரில் குலவை என்றால் அவள்தான். ஆனால் தொண்டையில் ஆபரேஷன் செய்ததிலிருந்து அவளுக்குச் சத்தம் எழும்புவதில்லை. அது தெரியாமல் ஊராட்சித் தலைவர் அவளையே கூப்பிட்டுவிட்டார். மறுக்க மனசில்லாமல் அவளும் போய் நின்றுவிட்டாள்.

பால் பொங்கி வழிந்தது. "அக்கா, குலவையப் போடுங்க!" என்று இளம்பெண்கள் செல்போனை நீட்டினார்கள். அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவையும் அப்படியே. அவள் கண் என்னைத் தேடியது.

எங்கள் நிக்காஹ் வீடுகளிலும் குலவை உண்டு. ஆனால் பெண்கள் இருக்கும் அறைக்குள்தான். ஆண்கள் முன்னால் நான் ஒருநாளும் இட்டதில்லை. யார் என்ன நினைப்பார்களோ என்று பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் பக்கத்தில் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சுழற்றினேன். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

"தப்பாப் போட்டுட்டேனாடி?" என்று அவளிடம் கேட்டேன்.

"பொங்கலுக்கு மூணு தடவ சின்னதாப் போட்டாப் போதும்டி. நீ மாப்பிள்ளை வந்த மாதிரி இழுத்துட்ட. பானையே வெக்கப்பட்டுப் போச்சு" என்றாள், காதோடு காதாக, என் கையை விடாமல்.