மூன்று முறை தட்டிய செய்தி

அந்த இணைப்பை அறுத்தது நீங்கள்தான். எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு ஆப் விற்ற கம்பெனியைச் சொல்கிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. என் முன்னால் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியில் இருந்த ரோஜாப்பூ பாதி உரிந்துவிட்டது. உள்ளே இரண்டு பழைய போன்கள், ஒரு சார்ஜர், ஒரு ரப்பர் பேண்டு. இது எங்கள் ஆபரேட்டர் அக்காவின் டின். குன்னூர் பக்கம் ஜெகதளாவுக்கு மேலே இருக்கிற எங்கள் எஸ்டேட்டில் நான் இலை எடை போடுகிற சூப்பர்வைசர். அவர் ஆபீசில் டெலிபோன் போர்டு பார்த்தவர்.

போர்டு இருந்த காலத்தில் ஃபேக்டரி, பங்களா, டிஸ்பென்சரி எல்லாம் அக்காவின் கை வழியாகத்தான் பேசின. செல்போன் வந்ததும் போர்டைக் கழற்றிக் குடோனில் போட்டார்கள். அக்காவை வருகைப்பதிவு மேஜைக்கு மாற்றினார்கள். பிறகு உங்கள் ஆப் வந்தது. வருகைப்பதிவு, இலை எடை, லீவு, மெசேஜ் எல்லாம் அதற்குள்தான் என்றார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. காட்டெருமை எந்தச் சரிவில் நிற்கிறது என்று காலையும் மாலையும் சொல்கிற ஃபாரஸ்ட் வாட்சர் வேறொரு ஆப்பில் இருந்தார். பக்கத்து எஸ்டேட்டுக்காரர்கள் மூன்றாவதாக ஒன்றில் இருந்தார்கள். பள்ளத்தில் போன் பேசுகிற அளவுக்குச் சிக்னல் நிற்காது. மெசேஜ் மட்டும் எப்படியோ தத்தித் தத்தி வந்து சேரும். ஆனால் ஒரு ஆப்பில் போட்டது இன்னொரு ஆப்புக்கு வராது.

அக்காவுக்கு இது பிடிபடவே இல்லை. குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற ஒருவரைப் பிடித்து, ஆபீசில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு புரோகிராம் போட வைத்தார். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தவர்களின் புரோகிராம். வாட்சர் தன் போனில் ஒரு வரி போட்டால் அது மூன்று ஆப்பிலும் தானாகப் போய் விழும். ஒரு மழைக்காலம் முழுக்க அது ஓடியது. கொழுந்து பறிக்கிற பெண்கள் எந்த நம்பர் தேயிலைக் காட்டுக்குள் போகலாம், எதில் கூடாது என்று தெரிந்து போனார்கள். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தண்ணீர் வருகிற குழாய்க்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

பிறகு ஒரு நாள் உங்கள் கடிதம் வந்தது. வெளி நெட்வொர்க்கோடு இணைப்பது விதிமீறல், பாதுகாப்புக்காக இணைப்புக்கு அக்கா வைத்திருந்த கணக்கை முடக்கிவிட்டோம் என்று இருந்தது. அக்கா விடவில்லை. வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டின செய்தியைப் பூட்டு உடையாமலே இன்னொரு ஆப்புக்குக் கொண்டு போகப் பொதுவான முறை இருக்கிறது, அதைத் திறந்து விடுங்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். உங்கள் ஆள் ஒருவர் ஆபீசுக்கு வந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஏனுங்க, ஒரு கம்பெனி சிம்முல இருந்து இன்னொரு கம்பெனி சிம்முக்குப் போன் போகுதில்லீங்க? போர்டுல நான் ஒயரைச் சொருகறப்ப இது எந்தக் கம்பெனி லைனுன்னு ஒரு நாளும் கேட்டதில்லீங்க. உங்களுக்கு மட்டும் என்னங்க?"

அவர் சிரித்தார். அது மேலிடத்து முடிவு என்று சொல்லிவிட்டு டீ குடித்தார். போகும்போது எங்கள் டீத்தூள் நன்றாக இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த டின். உங்கள் ஆப் இருந்த கம்பெனி போனோடு இன்னும் இரண்டு போன்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒன்றில் வந்ததைப் படித்து மற்ற இரண்டிலும் கையால் தட்டினார். "என்னக்கா, போன் கடை போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். "கடையா? மூணு ஊட்டுக்கு ஒரே மருமவளாட்டம் இருக்குது என்ற பொழப்பு. நீயும் ஒரு போனைப் புடி, வாய் மட்டும் பேசாதே" என்றார். நான் பிடிக்கவில்லை. எனக்கு அது ஆபீஸ் வேலை மாதிரி தெரிந்தது.

ஒரு நாள் கண் பரிசோதனைக்காக அக்கா கோயம்புத்தூர் போனார். கம்பெனி போனை எடுத்துக்கொண்டு, டின்னை என்னிடம் கொடுத்தார். "வாட்சர் எதாச்சும் போட்டா அப்பிடியே கம்பெனி ஆப்புல தட்டி உட்டுரு சாமி. எடை போடற மும்முரத்துல மறந்துராதே."

நான் மறந்தேன். மத்தியானம் இரண்டாவது எடைக்கு வரிசை நீண்டிருந்தது. சாரல் வேறு. டின்னை இலைக் கொட்டகையில் பலகை மேல் வைத்திருந்தேன். எடை முடிந்து திறந்து பார்த்தபோது வாட்சரின் மெசேஜ் வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. "ஒத்தை எருமை ஒம்போதாம் நம்பர் குறுக்குப் பாதையில நிக்குது. ஆரும் வராதீங்க." உடனே என் போனில் இருந்த கம்பெனி ஆப்பில் தட்டினேன். அக்காவின் போனுக்குப் போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது. படித்ததாகக் காட்டவில்லை. அதற்குள் குன்னூர் பஸ்ஸில் இருந்து இறங்கி அவர் அந்தக் குறுக்குப் பாதையில்தான் நடந்து வந்திருக்கிறார். அந்தக் கணக்கு முடக்கப்படாமல் இருந்திருந்தால், வாட்சர் போட்ட வரி அவர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் கைக்கு வந்திருக்கும்.

எருமை முட்டிக் கிடந்த அவரைத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு வரை வரவில்லை. மறுநாள் காலையில் பேரேட்டில் எடை எழுதினேன். சாப்பிட்டேன். உங்கள் ஆப்பில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஒரு பூப்படம் வந்தது. அது எங்கள் எஸ்டேட்டுக்கு மட்டும் தெரிந்தது. டின்னில் இருந்த இன்னொரு போனில், பக்கத்து எஸ்டேட்டில் இருந்து யாரோ கேட்டிருந்தார்கள்: "அக்கா, இன்னிக்குத் தகவல் ஒண்ணும் காணமே, லீவுங்களா?" அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தியை நான் மூன்று முறை தட்டினேன். மூன்றாவது முறை தட்டும்போது அது யாரோ ஒருவரைப் பற்றிய செய்தி மாதிரி இருந்தது.

இப்போது இந்த டின் என்னிடம். தினமும் சார்ஜ் போடுகிறேன். எடைக் கொட்டகையில் ஒரு கையில் பேனா, ஒரு கையில் போன். சற்று முன்புகூட வாட்சரிடம் இருந்து ஒரு வரி வந்தது. நாலாம் நம்பரில் மூன்று நிற்கின்றனவாம். தட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என் பங்கை நான் மறைக்கவில்லை. முக்கால் மணி நேரம். அதை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு என்ன? ஒரு எஸ்டேட்டில் இருந்து அடுத்த எஸ்டேட்டுக்கு ஒரு வரி போகக்கூடாது என்று முடிவு செய்தது யார், எதற்காக? பதில் சொல்லுங்கள். உங்கள் ஆப்புக்குள் சொல்லாதீர்கள், அது வாட்சருக்கு வராது. பேப்பரில் போடுங்கள். எல்லோரும் படிக்கட்டும்.