கோட்டுக்கு முன்னால் ஒரு சமையலறை

கோடு என்று சொன்னால் எங்கள் ஊரில் ஒரே ஆள்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். நகராட்சியின் பொறியாளர் பிரிவில், சாலைக்காக எடுக்கப்போகும் வீடுகளின் பக்கச் சுவரில் சிவப்புக் கோடு போடுவது அவர் வேலை. கோட்டுக்கு முன்னால் இருப்பது சாலைக்கு, பின்னால் இருப்பது வீட்டுக்காரருக்கு. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிப்பவன் நான். அதனால் அவர் வாங்கிய திட்டில் பாதி என் காதிலும் விழுந்திருக்கிறது.

ரயில் பாதை ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. கேட் மூடிவிட்டால் கல்யாணக் காரும் குப்பை லாரியும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதற்கு மேல் ஒரு பாலம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. தண்டவாளத்துக்கு மேலே வரும் துண்டை ரயில்வே கட்டித் தரும், இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் சரிவுக்கு நகராட்சி பணம் போட வேண்டும் என்று ஏற்பாடு. நகராட்சியிடம் பணம் இல்லை, பெயிண்ட் இருந்தது. முதலில் அதை அனுப்பிவிட்டார்கள்.

கேட் தெருவில் மூன்றாவது வீடு கோட்டின் அக்காவுடையது. சமையலறை தெருவைப் பார்த்து இருக்கும். நாடாவைப் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். சமையலறை முழுவதும் கோட்டுக்கு முன்னால் போயிருந்தது.

அக்கா கையில் கரண்டியோடு ஜன்னலில் நின்றார். “ஒரு முழம் தள்ளிப் போடேன்டா. அடுப்பாவது மிஞ்சும்.”

“தள்ளினா எதிர் வீட்டுல ஒரு முழம் உள்ள போகும்க்கா. ரோட்டோட அகலம் ஒண்ணுதானே.”

“அப்ப உனக்கு அவளும் நானும் ஒண்ணுதான்.”

ஜன்னல் சாத்திக்கொண்டது. கோடு அளவுக் குச்சியைச் சுவரில் வைத்து, வழக்கம்போல ஒரு பிசிறு இல்லாமல் போட்டு முடித்தார். அன்று எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் கோணலாகவாவது போட்டிருக்கலாம் மனுஷன்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பாலம் வரும், ஒவ்வொரு பட்ஜெட்டிலும் போகும். கேட் தெருக்காரர்கள் கோட்டுக்குப் பின்னால் இருந்த பாதிக்கு மட்டும் வெள்ளையடித்தார்கள். இடிக்கப்போகிற பாதிக்கு எவன் செலவு செய்வான்? தெரு முழுக்கப் பாதி முகம் கழுவிய வீடுகள். அக்கா வீட்டில் சமையலறைக் கூரைத் தகரம் ஓட்டையாகி, அதன்மேல் தார்ப்பாய் போட்டு, அந்தத் தார்ப்பாயும் கிழிந்துவிட்டது. மழைக்காலத்தில் குழம்பில் உப்பு சரியாகவே நிற்பதில்லை என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தம்பியிடம் பேசுவதில்லை. ஆனால் கேட்டில் நாங்கள் மாட்டிக்கொண்டு நிற்கும்போது ஜன்னல் திறக்கும். “அவன் சாப்பிட்டானான்னு கேளு.” நான் திரும்பிக் கேட்பேன். பக்கத்திலேயே நிற்கும் கோடு, “சாப்பிட்டேன்னு சொல்லு” என்பார். நான் திரும்பிச் சொல்வேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். என் பிழைப்பு அப்படி.

இந்த வருஷம் பொதுமக்களையும் கூப்பிட்டு, நகராட்சி மன்றத்தில் கடைசியாக ஒருமுறை பேசி முடிப்பது என்று வைத்தார்கள். இருக்கிற பணம் ஒரு வேலைக்குத்தான் வரும். ஒன்று கேட்டில் பாலம், இல்லையென்றால் ஊருக்குள் திரும்பும் குறுகலான நெடுஞ்சாலை முக்கை அகலப்படுத்துவது.

லாரிக்காரர் ஒருவர் எழுந்தார். “கேட்ல நின்னா நேரம் போகும். அந்த முக்குல திரும்பினா உயிர் போகும்.”

மருந்துக் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “நேரம்னு லேசாச் சொல்லாதீங்க. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருக்கு.”

ஓர் உறுப்பினர் பாலத்துக்குப் பதில் சுரங்கப்பாதை போடலாம் என்றார். மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று யாரோ கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் தலைவலி.

அப்போது அக்கா எழுந்தார். பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த கோடு குனிந்து செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

“பாலம் வந்தா நல்லதுதான். கேட்ல நானும்தான் நிக்கிறேன்” என்றார் அக்கா. “ஆனா இடிக்கிறதா இருந்தா இடிச்சிடுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. நான் கூரையை மாத்தணுமா வேண்டாமா, எனக்கு அது தெரியணும்.”

சபையில் சிரிப்பு எழுந்தது. கோடு சிரிக்கவில்லை.

கை தூக்கி எண்ணினார்கள். நெடுஞ்சாலை முக்கு ஜெயித்தது. கேட்டுக்குப் புது விளக்கும் கூடுதலாக ஒரு மணியும் கிடைத்தன. பாலம் இல்லை. இனியும் நாங்கள் நிற்கத்தான் போகிறோம். மருந்துக் கடைக்காரர் யாரிடமும் பேசாமல் வெளியேறினார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கேட் தெருக் கோடுகளை அழிக்க உத்தரவு வந்தது. கோடு முதல் வீட்டிலிருந்து தொடங்காமல் நேரே மூன்றாவது வீட்டுக்குப் போனார். கம்பி பிரஷால் தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு உதிர்ந்தது. அழுக்குச் சுவரில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. சிவப்பில் இருந்த கோடு இப்போது வெள்ளையில் இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா வெளியே வந்து சுவரைப் பார்த்தார். பிறகு எதிர் வீட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்க்காமலே, “அன்னைக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தா, இன்னைக்கு நீ அங்க போய் இப்படி நின்னிருப்ப. அவ உன்னை வாசல்ல சேர்த்திருப்பாளா?” என்றார்.

கோடு பிரஷைக் கீழே வைத்தார். “சேர்த்திருக்க மாட்டாக்கா.”

“நான் சேர்ப்பேன்னு தைரியம்.”

“ஆமாக்கா.” குரல் உடைந்துவிட்டது. “உன் அடுப்பு நனையுறப்பல்லாம் எனக்குச் சோறு இறங்கலக்கா.”

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அக்கா கொல்லைப்பக்கம் போய் ஏணியை இழுத்துக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தார்.

“மேல ஏறு. தார்ப்பாயைப் பிரி.”

கோடு ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கிழிந்த தார்ப்பாய் சரிந்து தெருவில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து கேட் மூட, லாரிகள் வரிசையாக நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. ரயில் கடந்து போய்ச் சத்தம் அடங்கியதும், அக்கா உள்ளே இருந்து கூரை ஓட்டை வழியாக அண்ணாந்து பார்த்தார்.

“சாப்பிட்டியாடா?”

நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். என்னைக் கேட்கவில்லை.