எந்த மாதிரி?

முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது போன் வந்தது. முருகையன் அண்ணன் போய்விட்டார். காலையில் நடக்கப் போன இடத்தில் மாரடைப்பு. சுரங்கத்தில் என்னோடு கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தவர்; குடியை விட்டவர்; விட நினைப்பவர்களை ஞாயிறுதோறும் தன் குவார்ட்டர்ஸில் கூட்டி உட்காரவைத்தவர். சேதி கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, குடிக்கத்தான் தோன்றியது. இங்கே அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருப்பவர்களில், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.

அங்கே ஒரு சொல்லுக்குத் தடை: 'ஒரு மாதிரி'. கோபம், பயம், அவமானம் எல்லாவற்றையும் "மனசு ஒரு மாதிரியா இருக்கு" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறவர்கள் நாம். அண்ணன் விடமாட்டார். "எந்த மாதிரி? பேரைச் சொல்லு. பேரு தெரியாத ஆளுக்கு ஊத்திக் குடுத்துகினே இருந்தா அவன் எப்பதான் கெளம்புவான்?"

ஆனால் எல்லாவற்றுக்கும் தன்னிடம் மருந்திருப்பதாக அவர் நினைத்ததில்லை. "கை நடுங்கினா டாக்டர்கிட்ட போ. மனசு நடுங்கினா எங்கிட்ட வா" என்பார்.

முத்தாண்டிக்குப்பத்துச் செல்வம், கான்ட்ராக்ட் தொழிலாளி, ஒருநாள் அந்தத் தடைச்சொல்லோடு வந்தான்.

"கோபமா?"

"இல்லண்ணே."

"பயமா?"

"அதுவும் இல்ல."

கடைசியில் வெட்கத்தோடு சொன்னான்: "காலைலேந்து ஒண்ணும் சாப்புடல."

கூட்டம் மொத்தமும் இட்லிக் கடைக்குக் கிளம்பியது. "பசிக்குப் போயி பிராந்தி குடிச்சிருப்பியேடா, பாவி!" என்று வழியெல்லாம் சிரித்தார் அண்ணன்.

தன் மகள் கல்யாணத்தில் அவரே சறுக்கினார். அடுத்த ஞாயிறு முதல் ஆளாகப் பேசினார். "குடிச்சிட்டேன். அதுக்குப் பேரு சந்தோஷம். துக்கத்துக்கு மட்டும் காவல் போட்டேன், இதை விட்டுட்டேன்." தலை குனியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த ஞாயிறுதான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது.

சாவு வீட்டில், பந்தலுக்குப் பின்னால், அவருடைய பங்காளி ஒருவர் பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினார். "ரொம்ப வேண்டியவராச்சே, மனசு ஒரு மாதிரியா இருக்கும். கொஞ்சம் போட்டுக்குங்க."

என் கை பாதி தூரம் போய்விட்டது. "கோபமா இருக்குங்க" என்றேன். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"யாரு மேல?"

"இவரு மேலதான். ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரே!"

பங்காளி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்குந்தாங்க" என்றார். இருவரும் அவரைத் திட்டித் தீர்த்தோம். திட்டத் திட்ட அழுகை வந்தது, நடுவில் சிரிப்பும் வந்தது.

அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போகட்டும் என்று நானும் விடவில்லை. ஒருவர்மேல் இவ்வளவு கோபத்தைக் குடிக்காமல் வைத்துக்கொள்ள என்னால் முடிகிறது. அவர் எனக்குத் தந்தது இதுதான், அண்ணன்மார்களே.