அக்காவின் கேழ்வரகுப் பை

புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்த பிறகு, என் அக்கா ரவிக்கைக்குள் பஞ்சுப் பை வைத்துக்கொண்டுதான் சித்தூர் பள்ளியில் பாடம் நடத்தினாள். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் பை மேலேறிவிடும். பிள்ளைகள் பார்ப்பார்களே என்று வேலையையே விடப்போனாள்.

திருப்பதியில் பி.எஸ்சி. படிக்கும் நான் விடுவேனா? பஞ்சுக்குக் கனம் போதவில்லை என்று கண்டுபிடித்து, கேழ்வரகு நிரப்பிப் புதுப்பை தைத்தேன். ஐப்பசி மழையில் நனைந்த அது இரண்டே நாளில் முளைவிட்டது.

"கேவுரு அறுப்பு எப்போடி? ஆள் இட்டுக்கினு வரட்டா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள் அக்கா.

அடுத்த முறை வறுத்து நிரப்பினேன்.

திங்கட்கிழமை அக்காவின் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். பலகையின் உச்சியில் தேதி எழுதினாள். பை அசையவில்லை. அவளுக்குக் கையை இறக்கவே மனமில்லை.

கல்லூரியில் நான் செய்த எந்தச் சோதனையும் இப்படிப் பலித்ததில்லை.