சோபாவில் கொட்டிய லில்லித் தூள்

அன்றைக்குக் கம்பெனி வரவேற்பறையில் இருந்தது மூன்று பேர்: டிரெய்னியான நான், ஹெச்.ஆர். சார், வாசல் செக்யூரிட்டி முனுசாமி அண்ணன். துப்புரவு வேலை பார்த்த தேவகி அக்கா அங்கே இல்லை. இல்லவே இல்லை. இத்தனை வருஷம் கழித்து இதை அழுத்திச் சொல்லக் காரணம், நேற்று என் மகள் போட்டிருந்த வெள்ளைச் சட்டை.

யாரோ கொடுத்த லில்லிப் பூங்கொத்தை அணைத்துக்கொண்டு வந்தாள். நெஞ்செல்லாம் மஞ்சளாகப் பூவின் மகரந்தத் தூள். துடைக்கக் கையைத் தூக்கினாள். "தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது. வெளியே போய்ச் சட்டையை உதறினோம். மிச்சத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி ஒட்டி எடுத்து, வெயிலில் போட்டேன். போயே போச்சு. சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. மகரந்தத்தில் எண்ணெய்ப் பசை உண்டு, தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். சோபாவுக்கும் கம்பளத்துக்கும் இதே வைத்தியம்தான்.

அன்று இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். மகரந்தச் சேர்க்கைக்குப் படம் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவன். அது துணியில் ஒட்டும் என்று பாடத்தில் இல்லையே!

ஒரகடத்தில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி. வெளிநாட்டு விருந்தாளிகளுக்காக வந்த லில்லிக் கொத்தை ஹெச்.ஆர். சார் புது சோபாவில் சாய்த்து வைத்தார். எடுத்தால், ஆரஞ்சுத் தூள். எது சிந்தினாலும் உடனே துடை என்று சுவரிலேயே எழுதியிருக்கும் கம்பெனி அது. மெஷின் லைனில் ஆயில் சிந்தினால் செய்வதுபோல, சார் ஒரு பிடி பனியன் வேஸ்ட் துணியைத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் தேய்த்தார். உள்ளங்கை அளவு தூள், தட்டு அளவு கறை ஆனது.

"இன்னா சார், கொழம்பு ஊத்தினாப்ல கீது!" முனுசாமி அண்ணனுக்கு ஒரே சிரிப்பு.

மறுநாள் மேனேஜர் விசாரித்தபோது அந்தச் சிரிப்பைக் காணோம். "நான் வாசல் கேட்டாண்ட இருந்தேன் சார்."

ஹெச்.ஆர். சார் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஹவுஸ்கீப்பிங் லேடி தொடச்சிருக்கா."

நான் குறுக்கே புகுந்தேன். "தொடச்சது நீங்கதானே சார்?"

"டிரெய்னி, நீ லைனுக்குப் போ" என்று ஹெச்.ஆர். சார் விரட்டினார். நான் நகரவில்லை.

அக்காவைக் கூப்பிட்டார்கள். "நான் அந்நேரம் கேன்டீன்ல தட்டு கழுவிகினு இருந்தேன். அந்தப் பூவைக் கண்ணால கூடப் பாக்கல. அங்க கேட்டுப் பாரு சார்." கேன்டீன் நாலு எட்டில் இருந்தது. ஒருவரும் போய்க் கேட்கவில்லை. இன்றைக்கும் என் வயிறு எரிவது இதற்குத்தான்.

நான் பொருமிக்கொண்டு நின்றதைப் பார்த்து அக்காதான் சொன்னார்: "வுடு தம்பி. படிச்ச புள்ள நீ சொல்லியே எடுபடல, நான் சொல்லியா எடுபடப் போவுது?"

அந்தக் கம்பெனி இன்று இல்லை. ஷெட்டை யாரோ கிடங்காக்கிவிட்டார்கள். சுவரில் இருந்த எழுத்தும் வெள்ளையடிப்பில் போயிற்று. அக்கா எங்கே இருக்கிறாரோ, தெரியவில்லை. சோபா உறை மாற்றிய செலவென்று அக்காவை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டர் மூன்று மாதமாக அவர் சம்பளத்தில் பிடித்ததுதான் எனக்கு மறக்கவில்லை: மொத்தம் ஆயிரத்து இருநூறு ரூபாய்.